கிதாரும் பறையும் முழங்க கானா பாடும் ராயபுரத்துப் பெண்!

மேடையில் 19 பேர் நிற்கிறார்கள். எல்லோரும் கோட்டு சூட்டு அணிந்திருக்கிறார்கள். ஒருவர் தோளில் மின்சாரக் கிதார் தொங்குகிறது. பக்கத்தில் பறை. அதை அடுத்து சட்டி மேளம்.

18 பேர் ஆண்கள். ஒரே ஒருவர்தான் பெண். அவர் மைக்கைப் பிடித்துப் பாடத் தொடங்குகிறார். கூட்டம் ஆரவாரம் செய்கிறது.

அவர் பாடுவது கானா! பெண் கானா பாடுவதா என்று பலர் வியந்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். அதையெல்லாம் தாண்டி வந்த அந்தப் பெண்ணின் பெயர் இசைவாணி. ஊர், வட சென்னையில் உள்ள ராயபுரம்.

கானா பிறந்த இடம்

தென் இந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. ஒரு பக்கம் துறைமுகம். இன்னொரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறை. வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகள். மூட்டை தூக்கவும், வலை இழுக்கவும், இயந்திரம் ஓட்டவும் ஊர் ஊராக மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள்.

அந்த உழைப்பாளிகளின் பாட்டுதான் கானா. அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நோட்டுப் புத்தகம் கிடையாது. வாத்தியம் இல்லாவிட்டால் மேசையைத் தட்டிக்கூடத் தாளம் போடுவார்கள்.

கானா பெரும்பாலும் சாவு வீட்டில் பாடப்பட்டது. இறந்தவரின் குணத்தைச் சொல்லி, வாழ்வின் நிலையாமையைச் சொல்லி, இரவெல்லாம் விடிய விடியப் பாடுவார்கள். கூடியிருப்பவர்கள் அழுவார்கள், நடுவில் சிரிக்கவும் செய்வார்கள். துக்கம் கொஞ்சம் ஆறும்.

ராத்திரி முழுவதும் தெருவில் உட்கார்ந்து பாட வேண்டும். ஆகவே இது ஆண்களின் பாட்டாகவே இருந்துவிட்டது. பெண்கள் வாசற்படியில் நின்று கேட்டதோடு சரி.

வீட்டில் சங்கீதம்

இசைவாணியின் தந்தை இசைக் கலைஞர். மகளுக்கு வைத்த பெயரிலேயே அவருடைய ஆசை தெரிகிறது அல்லவா? சிறு வயதிலேயே இசைவாணி மேடை ஏறினார். கச்சேரிகளில் சினிமாப் பாட்டுகளைப் பாடினார்.

அவர் வாழ்க்கையில் திருப்பம் வந்தது 2017-ஆம் ஆண்டில். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ஒரு புதிய இசைக்குழுவைத் தொடங்கினார்கள். கானா, ராப், ராக் மூன்றையும் ஒரே மேடையில் கலப்பது அவர்கள் எண்ணம். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர் வைத்தார்கள். சாதியற்றவர்களின் கூட்டு என்று பொருள். 'சாதி பேதமற்ற' என்ற சொல்லை அயோத்திதாசப் பண்டிதர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தியவர். அவர் நினைவாக வந்த பெயர் அது.

அந்தக் குழுவில் இசைவாணிக்கு இடம் கிடைத்தது.

நெருப்பும் மின்சாரமும்

இந்தக் குழுவின் வாத்தியங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது சுவையானது.

மின்சாரக் கிதாரில் ஆறு எஃகுக் கம்பிகள் உண்டு. கம்பிகளுக்குக் கீழே காந்தம். காந்தத்தைச் சுற்றி, மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள். விரல் பட்டுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். அது ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ப் பெருகி, ஒலிபெருக்கியில் ஓசையாக வெளியே வரும். நடுவே காலால் அழுத்தும் சின்னப் பெட்டி ஒன்றும் வைப்பார்கள். அதற்குப் பெடல் என்று பெயர். அதை மிதித்தால் தெளிவான ஓசை கரகரப்பாக மாறும். ராக் இசைக்கு அந்தக் கரகரப்புதான் அழகு.

பறைக்கு மின்சாரம் வேண்டாம், நெருப்பு வேண்டும். மரச் சட்டத்தில் தோல் போர்த்திய வாத்தியம் அது. வாசிக்கும் முன் தீயில் காட்டித் தோலை விறைப்பாக்குவார்கள். ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி. மறு கையில் குட்டையான தடித்த குச்சி.

சட்டி மேளமும் கட்டை மோளமும் வட சென்னையில் சவ ஊர்வலங்களில் முழங்கும் வாத்தியங்கள். அவற்றைக் கச்சேரி மேடைக்கு அழைத்தவர்கள் குறைவு. இந்தக் குழுவில் அவை கிதாருக்குச் சமமாக நிற்கின்றன.

இத்தனை ஓசைக்கு நடுவே பாடுவது எளிதா? பாடுகிறவருக்குத் தம் குரலே காதில் விழாது. ஆகவே இப்படிப்பட்ட மேடைகளில் பாடகரின் காலடியில், அவரைப் பார்த்தபடி, ஒரு தனி ஒலிபெருக்கி வைப்பார்கள். தம் குரலைத் தாமே கேட்டால்தான் சுருதி தவறாமல் பாட முடியும்.

முதல் கச்சேரி

2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். குழுவின் முதல் கச்சேரி அங்கே நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். வட சென்னை வாழ்க்கை, இட ஒதுக்கீடு, ஆணவக் கொலை என்று பேசத் தயங்கும் விஷயங்களையெல்லாம் பாட்டாகக் கேட்டார்கள்.

2020-ஆம் ஆண்டில் லண்டன் பி.பி.சி. நிறுவனம் உலகின் 100 பெண்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. இந்தியாவிலிருந்து நான்கு பேர். அவர்களில் ஒருவர் இசைவாணி!

ஆனால் மாலை மட்டுமே விழவில்லை. பெண்களின் கோயில் நுழைவு உரிமை பற்றி 2018-ல் மேடையேறிய ஒரு பாட்டுக்காக, 2024 நவம்பரில் அவருக்கு எதிர்ப்புக் கிளம்பியது. போலீசில் புகார்கள் கொடுக்கப்பட்டன. அவருக்கு ஆதரவாகவும் பலர் குரல் கொடுத்தார்கள். பாட்டுப் பாடும் பெண்ணுக்கு நல்ல குரல் மட்டும் போதாது, நெஞ்சுறுதியும் வேண்டும் என்பதை அந்த நாட்கள் காட்டின.

இசைவாணிக்குப் பின் வேறு இளம் பெண்களும் கானா பாட முன்வந்தார்கள். வாசற்படியில் நின்று கேட்டவர்களின் பேத்திகள், இப்போது மைக்கின் முன்னால் நிற்கிறார்கள்.