பிதுருதலாகலையிலிருந்து வரவேண்டிய படம்

நோர்வூட் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பொகவந்தலாவைக்கு, மற்றது மஸ்கெலியாவுக்கு. 10ஆம் திகதி சம்பளம் போட்டபின் வரும் சனி, ஞாயிறுகளில் இங்கேயும் ஹட்டன் நகரிலும் மின்சாதனக் கடைகளின் முன்னால் ஆட்கள் நிற்பார்கள். உள்ளே சுவரில் மாட்டிய 43 அங்குலத் திரையில் கிளிகளும் பூக்களும் நீர்வீழ்ச்சிகளும் மாறிமாறி ஓடும். திரையின் தரத்தைக் காட்டுவதற்கென்றே எடுத்த காணொளி அது. கிளியின் சிறகில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரியும்.

ஈஸி பேமண்டில் கையெழுத்துப் போட்டு, பெட்டியை முச்சக்கரவண்டியில் ஏற்றி, தேயிலைத் தோட்ட லயத்துக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுகிறார்கள். அந்தக் கிளி அங்கே வருவதில்லை. அன்டனா வயரைச் செருகினால், செய்தி வாசிப்பவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே அதே முகத்தின் வெளிறிய நிழல் ஒன்று நிற்கும். திரையில் பழுது கிடையாது. எண்பது இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகளைக் காட்டக்கூடிய 4கே திரை, 1982இல் ஏற்பாடான முறையில் வரும் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் படம் புறப்படும் இடம் தூரத்திலும் இல்லை. இலங்கையின் மிக உயர்ந்த மலையான 2,524 மீற்றர் பிதுருதலாகலை, நோர்வூட்டிலிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீற்றருக்குள்தான். 1979 ஏப்ரல் 13ஆம் திகதி ஐ.ரி.என். தொடங்கியபோது நாட்டின் முதல் தொலைக்காட்சி கொழும்பைச் சுற்றிய சிறு வட்டத்துக்கு மட்டுமே எட்டியது. ஜப்பானின் உதவியோடு 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஆரம்பமானபோதுதான், பிதுருதலாகலை உச்சியின் ஒளிபரப்புக் கோபுரம் நாட்டின் பெரும்பகுதிக்குப் படத்தை அனுப்பியது.

கோபுரம் தலைக்கு மேலேயே இருந்தும் தோட்டங்களுக்குத் தொலைக்காட்சி உடனே வந்துவிடவில்லை. லயங்கள் பலவற்றில் அப்போது மின்சாரம் இல்லை. நோர்வூட்டுக்குப் பக்கத்திலேயே காசல்ரீ நீர்த்தேக்கம் கிடக்கிறது. அந்தத் தண்ணீரை வைத்து விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் மின்சாரம் எடுக்கிறது. உயர் அழுத்தக் கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து வெளியூர்களுக்குப் போயின. கம்பிக்குக் கீழே கொழுந்து பறித்தவர்களின் காம்பிராவில் குப்பி விளக்கு எரிந்தது. பெட்டரியை ஊரில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றி, தோளில் சுமந்து வந்து, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் படம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற இரவில், ஒரு லயத்துக்கு ஒரு பெட்டி இருந்தாலே அது பெரிய விசயம். மலையகத் தமிழ்ப் பரம்பரையில் வந்த முத்தையா முரளிதரன் பந்துவீசுவதைப் பார்க்க வாசலிலும் ஜன்னலிலும் ஆட்கள் நெருக்கியடித்து நின்ற காலம் அது.

இனி அந்த நிழல் முகத்துக்கு வருவோம். அன்டனாவுக்குக் கோபுரத்திலிருந்து நேராக ஓர் அலை வருகிறது. அதே அலை எதிர்மலையில் மோதித் திரும்பி, நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு தாமதமாக இன்னொரு தடவை வருகிறது. பழைய அனலாக் முறையில் பெட்டி இரண்டையும் அப்படியே வரைந்துவிடும். பிந்திவந்த அலைதான் பக்கத்தில் நிற்கும் நிழல். சமவெளியில் இந்தத் தொல்லை குறைவு. நாலு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு அது அன்றாடம். மூங்கில் கழியில் அன்டனாவைக் கட்டி, ஒருவர் கூரைமேல் நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளேயிருந்து "இந்தா, இந்தா, அப்படியே விடு!" என்று கத்தியது இதனால்தான்.

டிஜிட்டல் ஒளிபரப்பு இந்த நோயையே தீர்க்கும். படத்தை ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு துணுக்குக்கும் பின்னால் சிறிய இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். மலையில் மோதித் திரும்பும் எதிரொலி அந்த இடைவெளிக்குள் வந்து அடங்கிவிடும். மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தொலைக்காட்சித் தொழில்நுட்பம் வேறில்லை. அதுதான் இன்னும் வரவில்லை.

புதிய திரைகளுக்காக உலகம் காத்திருந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சுவரில் படம்போல மாட்டக்கூடிய தொலைக்காட்சி என்ற கனவை 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தது. ஜோர்ஜ் ஹைல்மையரின் குழு திரவப் படிகத்தில் எண்களையும் உருவங்களையும் தெரியவைத்திருந்தது. ஆர்.சி.ஏ. அதைக் கைவிட்டது. ஜப்பானின் ஷார்ப் எடுத்துக்கொண்டு 1973இல் கணக்கிடும் கருவியில் பொருத்தியது, 1988இல் 14 அங்குல வண்ணத் திரையைக் காட்டியது. பின்னால் புடைத்த பழைய குழாய்ப் பெட்டியை எல்.சி.டி. எனப்படும் இந்தத் திரவப் படிகத் திரை உலகச் சந்தையில் முந்தியது 2007இன் கடைசியில்தான். அறிவிப்பிலிருந்து அதுவரை ஏறக்குறைய நாற்பது வருடம்.

வராமலே போன ஒன்றும் உண்டு. பழைய குழாய்ப் பெட்டியில் பின்னாலிருக்கும் எலெக்ட்ரோன் துப்பாக்கிதான் திரை முழுவதையும் வரையும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஒரு நுண்துப்பாக்கியை வைத்தால், குழாயின் ஆழமான கறுப்பும் வேகமும் தட்டைத் திரையிலேயே கிடைக்கும். எஸ்.ஈ.டி. என்ற பெயரில் கெனன் 1986 முதல் ஆராய்ந்து வந்தது இதைத்தான். 1999இல் தோஷிபா சேர்ந்தது. 2004இல் கூட்டு நிறுவனம் பிறந்தது. கண்காட்சிகளில் பார்த்தவர்கள் இதற்கு இணையில்லை என்றார்கள். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன்பு என்று தவணை தள்ளிக்கொண்டே போனது. காப்புரிமை வழக்கு ஒருபுறம் இழுத்தது, எல்.சி.டி.யின் விலை மறுபுறம் சரிந்தது. 2010இல் கெனன் கடையைக் கட்டியது. நல்ல தொழில்நுட்பம் என்பதற்காக மட்டும் ஒன்று வீட்டுக்கு வந்துவிடாது என்பதற்கு எஸ்.ஈ.டி.யைப்போல் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

ஓலெட் திரை பிழைத்துக்கொண்டது. கொடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987இல் அதற்கு வழி காட்டினார்கள். இருபது வருடம் கழித்துச் சோனி அதை 11 அங்குலப் பெட்டியாக விற்றது, விலை 2 இலட்சம் யென். 2013இல் எல்.ஜி.யின் 55 அங்குலம் கொரியாவில் 1 கோடியே 10 இலட்சம் வொன்னுக்கு வந்தது. அதே அளவு திரை இன்று அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது.

இப்போது எல்லோரும் எதிர்பார்ப்பது மைக்ரோ எல்ஈடி. மண்ணுக்கு நிகரான நுண்ணிய விளக்குகள் தாமே எரிந்து படமாகும் திரை அது. 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றுக்கும் மூன்று விளக்கு. மொத்தம் 2 கோடியே 48 இலட்சத்துக்கும் மேல். அத்தனையையும் பிறந்த இடத்திலிருந்து கிள்ளியெடுத்துத் திரையில் நட வேண்டும். பத்தாயிரத்துக்கு ஒன்று பிசகினாலும் 2,400க்கும் மேற்பட்ட புள்ளிகள் பொட்டையாகிவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கொய்து பழகிய கைகளுக்கு இந்த வேலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஒரு தளிர்கூடத் தவறக்கூடாத கொழுந்துக் கூடை அது.

2020இன் முடிவில் சாம்சுங் 110 அங்குல மைக்ரோ எல்ஈடியைக் கொரியாவில் 17 கோடி வொன் விலையில் அறிவித்தது. அன்றைய கணக்கில் ஒன்றரை இலட்சம் டொலருக்கும் மேல். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஏறக்குறைய நாலரைக் கோடி ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் வருடத்துக்கு 300 நாள் பேர் விழுந்து, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் அந்தத் திரையை வாங்க நூற்றுப் பத்து வருடத்துக்கு மேலாகும். வாங்கினாலும் மாட்ட இடம் வேண்டுமே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் எட்டடி அகலத் திரையைச் சாய்த்தால் ஒரு சுவர் முழுக்கப் போய்விடும்.

நோர்வூட்டில் யாரும் அதற்காக ஏங்கவில்லை. எல்.சி.டி. விலை விழுந்து லயம்வரை வந்ததுபோல் இதுவும் ஒருநாள் வரும். அந்தக் காத்திருப்பைச் சந்தை பார்த்துக்கொள்ளும். சந்தை பார்த்துக்கொள்ளாத காத்திருப்பு ஒன்றுதான் இங்கே நீள்கிறது.

டிஜிட்டலுக்கு முதலில் ஐரோப்பிய முறை என்றது அரசு. 2014இல் அதை மாற்றி, ஐஎஸ்டிபி-டி என்ற ஜப்பானிய முறையை ஏற்றது. அந்த செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்பு வந்தபோது, இதற்காகச் சுமார் 1,370 கோடி யென் கடன் கைச்சாத்தானது. பிறகு ஆட்சிகள் மாறின. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு, வாசலில் காஸ் வரிசை. ஜப்பானியத் திட்டங்கள் நின்றுபோயின. 2024 ஜூலையில் அவற்றில் பதினொன்றுக்கு மீண்டும் பணம் தர ஜப்பான் சம்மதித்தது. தொலைக்காட்சித் திட்டமும் அதில் ஒன்று. 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறந்த ஒளிபரப்புக் கோபுரமான கொழும்புத் தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஆனாலும் வீடுகளின் அன்டனாவுக்கு வருவது இன்னும் அனலாக்தான்.

இதற்கிடையில் மலையகம் தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தது. லயத்தின் தகரக் கூரைகளைப் பாருங்கள். வரிசையாக டிஷ் கிண்ணங்கள். நிழலில்லாத படமும் நிறையத் தமிழ் அலைவரிசைகளும் அதில் வருகின்றன. ஆனால் அதற்கு மாதாமாதம் ரீலோட் போட வேண்டும். கையில் காசில்லாத மாதத்தில் பெட்டி இருண்டுவிடும். கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரிலிருந்து மாதக் கட்டணமே இல்லாமல் இயங்குகிறது. இங்கே சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய தமிழ் அலைவரிசைகளைக் காசில்லாமல் தெளிவாகப் பார்க்கும் உரிமை, மலைச்சரிவின் எந்தப் பக்கத்தில் உங்கள் லயம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஜப்பானிய முறையில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகவே எழுதப்பட்டது என்றும் சொல்லலாம். நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கண்ட நாடு செய்த முறை என்பதால், அவசர எச்சரிக்கையை ஒளிபரப்பினுள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதற்கேற்ற பெட்டியாக இருந்தால், காத்திருப்பு நிலையில் கிடந்தாலும் எச்சரிக்கைச் சமிக்ஞை வந்ததும் தானே விழித்துக்கொள்ளும். தொலைபேசி வலையமைப்பு நெரிசலில் தடுமாறும் நேரத்திலும் ஒளிபரப்புக்கு நெரிசல் கிடையாது. ஒரு கோபுரம் சொன்னால் ஆயிரம் வீடு ஒரே நொடியில் கேட்கும்.

அந்த ஜப்பானியக் கடன் கைச்சாத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஒரு தொலைக்காட்சிச் சமிக்ஞை அன்று எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஆபத்து இருப்பது முன்பே தெரிந்திருந்தும் மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். வீடும் காணியும் தராமல் எச்சரிக்கை மட்டும் தந்து பயனில்லை. ஆனாலும் நள்ளிரவில் மழை கொட்டும்போது அவர்களுடைய மொழியிலேயே வீட்டுக்குள் ஒரு குரல் எழும்பி "வெளியே போ" என்று சொல்வதற்கான வழி இருக்கிறது. பதினொரு வருடம் கழிந்து, 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டை உடைத்துப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதும் அந்தக் குரல் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

ஆகவே அடுத்த சம்பளத்தில் புதுப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் அங்குலத்தையும் கிளியையும் பார்த்தபின் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டையும் பார்க்க வேண்டும். ட்யூனர் என்ற இடத்தில் ஐஎஸ்டிபி-டி என்று இருக்கிறதா? ஐரோப்பிய முறையான டிவிபி-டி2 என்று மட்டும் இருந்தால், அந்தப் பெட்டி ஜப்பானிய முறை டிஜிட்டலைத் தானாக வாங்காது. தனியாக ஒரு மாற்றுப்பெட்டி வைக்க வேண்டும்.

அந்த மாற்றுப்பெட்டிக்கு யார் காசு கொடுப்பது என்பதை அனலாக்கை அணைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 2011 ஜூலை 24ஆம் திகதி ஜப்பான் தன் அனலாக்கை அணைத்தபோது வறிய குடும்பங்களுக்கு ட்யூனரை இலவசமாகவே கொடுத்தது. அந்த வருட மார்ச்சில் ஆழிப்பேரலை அடித்த இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை, மேலும் எட்டு மாதம் தவணை விட்டது. கடனோடும் கருவியோடும் இந்தப் பாடத்தையும் ஜப்பானிடமிருந்து கேட்டு வாங்க வேண்டியவர்கள், நுவரெலியா, பதுளை மாவட்ட மக்கள் வாக்குப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகள்.