மூட்டை திரும்ப வரும்; சிற்பம் வருமா?

வாங்கியவர் வருந்துவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். விற்றவர் வருந்துவது அபூர்வம். மளிகையில் ஒரு மூட்டை துவரம்பருப்பு போனால், அதே ரகத்தில் இன்னொரு மூட்டை மறுநாள் லாரியில் வந்து இறங்கும். விலை ஏறுமுன் விற்றுவிட்டோமே என்று இரண்டு நாள் மனம் குறுகுறுக்கும், அவ்வளவுதான். மூட்டைக்காக ஏங்கும் வியாபாரி கிடையாது.

தன் கையால் செதுக்கிய மரச்சிற்பத்தை விற்றவர் நிலை வேறு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பகுதியில் நம்மிடம் சாமான் வாங்கும் தச்சர் ஒருவர், பகலில் இயந்திரங்களை அனுப்பும் மரப்பெட்டி அடிப்பவர். இரவு நேரங்களில் வாகைக் கட்டை ஒன்றில் குழலூதும் கண்ணனைச் செதுக்கி வந்தார். முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வழியில் போன ஒருவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு நாள் நம் கடையில் அவர் சொன்னது: "பணம் செலவாயிடுச்சு அண்ணாச்சி. அந்த முகம் எப்படி வந்துச்சுன்னு திரும்பப் பார்க்கக்கூட எங்கிட்ட ஒண்ணுமில்லே."

விலை குறைந்ததைப் பற்றி அவர் பேசவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறுபடி செதுக்க மாதிரி இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை, வாங்கியவர் எந்த ஊர் என்றும் தெரியாது. அவர் வருத்தமெல்லாம் இதுதான்.

கையில் உள்ள பொருளின் மேல் மனிதனுக்கு ஏற்படும் பற்றைப் பொருளாதார அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் ஆகிய மூவர் 1990இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் சிலருக்குச் சாதாரணக் காபிக் குவளையை இலவசமாகக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர் சொன்ன விலை, வாங்குபவர் சொன்னதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. சும்மா கிடைத்த குவளைக்கே இப்படி என்றால், எட்டு மாத உழைப்புக்கு எப்படி இருக்கும்? அப்படிப்பட்டதை மலிவாகக் கொடுக்க வைப்பது பணமுடை ஒன்றுதான்.

விற்றதோடு செய்தவருக்கும் பொருளுக்கும் உறவு அற்றுப்போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. புகழ்பெற்ற சிற்பி அமர்நாத் சேகல், புதுதில்லி விஞ்ஞான் பவனுக்காக மிகப் பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்றைச் செய்து கொடுத்தார். 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். சேதமடைந்து பல பகுதிகள் காணாமற்போயின. பணம் வாங்கிக்கொண்டுதான் அவர் சிற்பத்தைக் கொடுத்திருந்தார். ஆயினும் மனம் பொறுக்காமல் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், மிஞ்சிய பகுதிகளை அவரிடம் ஒப்படைக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு இதற்கு ஆதாரமாக நின்றது.

அதே சட்டத்தில் 1994இல் சேர்த்த 53ஏ பிரிவும் உண்டு. ஓவியர், சிற்பி போன்றவரின் மூலப்படைப்பு பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதில் 10 சதவீதத்துக்கு மேற்படாத ஒரு பங்கைப் பெற அவருக்கு உரிமை தருகிறது இப்பிரிவு. சிற்பத்தை விற்றதாலேயே அதைப் பார்த்து நகலெடுக்கும் உரிமையும் கைமாறிவிடுவதில்லை. ஆனால் யார் செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாதபோது, எந்தச் சட்டத்தைக் காட்டி எங்கே போய்க் கேட்பது?

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் ஒரே மரக்கட்டையில் சிற்பம் செதுக்கும் குடும்பங்கள் பல உண்டு. அவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை மற்றவர் போட்டு விற்க முடியாது. ஊர்ப் பெயருக்கு அது காவல். நம் பகுதியில் தனியாக உட்கார்ந்து செதுக்குபவருக்கு அந்தக் காவல் இல்லை. அவருக்குத் துணை கணக்கும் சிட்டையும்தான். அவை நமக்குக் கைவந்த கலை அல்லவா?

ஆகவே இப்படிப்பட்டவர் நம் கடைக்கு வந்தால் நான்கு விஷயங்களைச் சொல்லிக் கொடுப்போம். மரம், மெருகுச் செலவோடு, உழைத்த நாளுக்குத் தச்சுக் கூலியையும் சேர்த்து அடக்கவிலை போடச் சொல்வோம். முதன்முதலில் நன்றாக அமைந்ததை மாதிரியாக வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அடுத்ததை விற்கச் சொல்வோம். கொடுக்குமுன் நான்கு பக்கமும் படம் எடுத்து, அடிப்பாகத்தில் பெயரும் ஆண்டும் பொறிக்கச் சொல்வோம். வாங்குபவர் பெயர், ஊர், தொகை, தேதி எழுதிய ரசீதின் நகலைப் பத்திரப்படுத்தச் சொல்வோம்.

ஐந்தாவது நம் பங்கு. பள்ளி திறக்கும் மாதம் தெரிந்தவருக்குச் சாமானை ஒரு மாதம் கடனாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. அந்த ஒரு மாதத் தவணை கிடைத்தால், அவர் அவசரத்துக்கு விற்காமல் நல்ல விலைக்குக் காத்திருப்பார். நமக்கு வரவேண்டிய பாக்கியும் தவறாமல் வரும். அவருக்கும் மனக்குறை இருக்காது. சங்க உறுப்பினர்கள் இதை மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.