கோழி விலை பிறக்கும் இடம்

மதியம் 12 மணி ஆகட்டும், அப்புறம் பாருங்கள் கூத்தை! மலேசியப் புள்ளிவிவரத் துறை தன் எண்களை வெளியிடுவது அந்த நேரத்தில்தான். விலைவாசி, வேலையின்மை, ஏற்றுமதி என்று எது எந்தத் தேதியில் வரும் என்ற நாள்காட்டி முன்கூட்டியே இணையத்தில் இருக்கும். கோலாலம்பூரில் ஒரு வங்கியின் பொருளாதார நிபுணர் திரையைப் பார்த்தபடி காத்திருப்பார். ஜொகூரின் பண்டார் தெங்காராவில், வெயிலுக்கு ஐஸ் கச்சாங்கைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருக்கும், எஸ்டிபிஎம் தேர்வுக்குப் படிக்கும் மாணவியின் கைப்பேசியிலும் அதே கோப்பு, அதே மதியத்தில், காசில்லாமல் வந்து இறங்கும். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இதில் சந்தோஷம் தாளவில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளை ஒன்று பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால், ஒரு காலத்தில் பல்கலைக்கழக நூலகம் இருக்கும் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. இன்று சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு கைப்பேசி, அவ்வளவு போதும்.

ஆனால் அந்தக் கைப்பேசியில்தான் ஆயிரம் குப்பையும் வந்து விழுகிறது. புலனத்தில் சுற்றும் படம், யாரோ போட்ட வரைபடம், மூலம் சொல்லாத 'ஆய்வு கூறுகிறது'. இவற்றுக்கு நடுவில் நம்பத்தகுந்த எண்ணைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. அந்த எண் பிறந்த இடம்வரை என்னால் திரும்பி நடந்துபோக முடிகிறதா? முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

வாருங்கள், ஒரு கோழி விலையின் பின்னால் நடந்தே பார்த்துவிடலாம்.

உள்நாட்டு வர்த்தக, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 'பிரைஸ்கேட்சர்' செயலியைப் பலர் பார்த்திருப்பீர்கள். எந்தக் கடையில் என்ன விலை என்று காட்டும். பலருக்குத் தெரியாத விஷயம், அந்தச் செயலிக்கு அடியில் ஓடும் மூலத் தரவு முழுவதும் 2022 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஒரு கோப்பாக அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடக்கிறது என்பது! விலைக் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் பாசாருக்கோ பேரங்காடிக்கோ போகிறார். கோழிக்கடை முன்னால் நின்று கிலோ என்ன விலை என்று பதிகிறார். அந்தப் பதிவு ஒரு வரியாகிறது. அந்த வரியில் இருப்பவை நான்கே விஷயங்கள்தாம்: தேதி, கடையின் எண், பொருளின் எண், விலை.

கடையின் பெயரும் முகவரியும் மாவட்டமும் இரண்டாவது கோப்பில் தனியாக இருக்கின்றன. பொருளின் பெயரும் அளவும் மூன்றாவது கோப்பில். பொருள் எண் 1 என்ன தெரியுமா? நம் ஊர்ப் பட்டியலில் வேறெது முதலில் வரும்? சுத்தம் செய்த சாதாரணக் கோழி, ஒரு கிலோ! இந்த மூன்று கோப்புகளையும் எண்களை வைத்துக் கோத்துவிட்டால், எந்தத் தேதியில் எந்த மாவட்டத்தில் எந்தக் கடையில் கோழி என்ன விலைக்குப் போனது என்று வரிவரியாகக் கண்முன் எழுந்து நிற்கும். எக்செலில் திறக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது பத்து லட்சத்துச் சொச்சம் வரிகளுக்கு மேல் ஏற்காது, மாதக் கோப்பு அந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடியது. பைத்தானோ ஆர் மொழியோ கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள், ஒரு வார இறுதி போதும்.

இதில் என்ன ஆராயலாம் என்கிறீர்களா? 2022 பிப்ரவரியில் கோழிக்கு உச்சவரம்பு கிலோ 8 வெள்ளி 90 சென். ஜூன் 1-ஆம் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது, காஸ்வேக்கு அப்பால் சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கிப் போயின. ஜூலையில் வரம்பு 9 வெள்ளி 40 சென்னுக்கு ஏறியது. 2023 நவம்பர் 1-இல் விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் நீங்கின. இவ்வளவும் நடந்த காலம் அந்தக் கோப்புகளுக்குள் நாள்வாரியாக உறைந்து கிடக்கிறது. வரம்பு இருந்தபோது கடைகள் அந்தக் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றனவா, கீழே போட்டி போட்டனவா? வரம்பு நீங்கியதும் பாசார் முதலில் அசைந்ததா, பேரங்காடியா? நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லலாம், அதை யாரும் சரிபார்க்கவும் செய்யலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பிரைஸ்கேட்சர் சராசரியை எடுத்து 'பணவீக்கம் இவ்வளவு' என்று எழுதிவிடாதீர்கள். பயனீட்டாளர் விலைக் குறியீடு என்பது தனி. குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்ற கணக்கெடுப்பிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் எடை போட்டுத் தயாராவது அது. உணவுக்கும் பானத்துக்கும் மட்டும் கிட்டத்தட்ட 30 விழுக்காடு எடை. கோழி எவ்வளவு ஏறினாலும் வீட்டு வாடகைக்கும் பெட்ரோலுக்கும் உள்ள இடத்தை அதனால் பிடித்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் எங்கே படித்துத் தெரிந்துகொள்வது? அதுதான் எனக்கு மிகப் பிடித்த மூலை! புள்ளிவிவரத் துறையின் 'ஓப்பன்டோசம்' தளத்தில் எந்தத் தரவைத் திறந்தாலும் வரைபடத்தைத் தாண்டிக் கீழே இறங்குங்கள். இது எப்படித் தயாரானது, பயன்படுத்தும்போது எதில் கவனம் வேண்டும், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், அடுத்தது எப்போது என்று வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலானோர் மேலே இருக்கும் வண்ணக் கோட்டைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். புதையல் கீழே இருக்கிறது. என்னைக் கேட்டால், கீழே அந்தப் பகுதி இல்லாத தளத்தின் எண்ணைக் கட்டுரையில் சேர்க்கவே வேண்டாம்.

அந்தக் குறிப்பைப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 2016-இல் மலேசியாவில் வறுமை எவ்வளவு? 0.4 விழுக்காடு என்பார் ஒருவர். 7.6 என்பார் இன்னொருவர். இரண்டும் அதிகாரபூர்வ எண்கள்தாம்! முதலாவது, மாதம் ஏறத்தாழ 980 வெள்ளி என்றிருந்த பழைய வறுமைக்கோட்டில் அளந்தது. 2019 ஆகஸ்டில் ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, இந்தக் கோடு நிஜ வாழ்க்கைக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020-இல் கணக்கிடும் முறை மாறியது. 2019-க்கான கோடு 2,208 வெள்ளியாக உயர்ந்தது, அந்த ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு என்றானது, 2016-க்கும் புது முறையில் திருப்பிக் கணக்கிட்டார்கள். ஆக, பழைய 0.4-ஐயும் புதிய 5.6-ஐயும் ஒரே கோட்டில் இணைத்து 'மூன்றே ஆண்டில் வறுமை பதினான்கு மடங்கு' என்று எழுதினால், இரண்டு எண்களும் சரியாக இருந்தும் எழுதியது பொய்யாகிவிடும்.

வறுமையை அளப்பது என்றதும் உங்கு அசிஸ் ஞாபகம் வராமல் போகாது. ஜொகூர் அரச குடும்ப வழிவந்தவர், 1922-இல் பிறந்து 2020-இல் மறைந்த நம் நாட்டின் மூத்த பொருளாதார அறிஞர். கிராமத்து வறுமையை அளக்க அவர் கையாண்ட கருவி கைலி! வீட்டில் எத்தனை கைலி இருக்கிறது, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், வகுத்துப் பார். பணக்கணக்குச் சொல்லத் தயங்குகிற வீட்டிலும் கொடியில் தொங்குவதை எண்ணிவிடலாமே! இப்படி நம் நாட்டுப் பொருளாதாரத்தை ஆராயும் கட்டுரைகளுக்கு ஓர் இதழ் உண்டு. 1964-இல் தொடங்கிய 'காஜியான் எக்கோனோமி மலேசியா' என்ற ஆய்விதழ்தான் இன்று 'மலேசியன் ஜர்னல் ஆஃப் எக்கனாமிக் ஸ்டடீஸ்' என்று வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மின்னிதழ்த் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். நம் நாட்டைப் பற்றி எழுதுகிற மாணவர் அமெரிக்க இதழ்களைப் புரட்டுவதற்கு முன் இதைப் புரட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, பண்டார் தெங்காராவுக்கே ஒரு கணக்கு வேண்டுமே? இங்கேதான் விளையாட்டு சூடுபிடிக்கிறது. 1972-இல் அமைந்த ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம், எல்லோரும் 'கெஜோரா' என்பார்களே, அது காட்டைத் திருத்தி எழுப்பிய புதுநகரங்களில் ஒன்று இந்த ஊர். ஊர் இருப்பது கூலாய் மாவட்டத்தில். தெங்காரா என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதியும் உண்டு. அதன் எல்லை கோத்தா திங்கிப் பக்கமும் நீண்டு, பாந்தி, பாசிர் ராஜா என்ற இரண்டு சட்டமன்றத் தொகுதிகளை அடக்கியிருக்கிறது. 'தெங்காரா' என்று தேடி வரும் எண் ஊரின் எண்ணா, தொகுதியின் எண்ணா, கெஜோரா வட்டாரத்தின் எண்ணா? புள்ளிவிவரத் துறையின் 'கவாசான்கு' பக்கம் மாவட்டம், நாடாளுமன்றம், சட்டமன்றம் என்று மூன்று விதமாகவும் பிரித்துக் காட்டுகிறது. செனாய் விமான நிலையமும் செடெனாக் தரவு மையங்களும் இருக்கும் கூலாய் மாவட்டச் சராசரியை எடுத்து, செம்பனை சூழ்ந்த பண்டார் தெங்காராவின் தலையில் கட்டினால் அது நியாயமே இல்லை. எந்த எல்லைக்குள் எண்ணியது என்று முதலில் பாருங்கள்.

செம்பனைக்கென்றே ஒரு சுரங்கம் இருக்கிறது, மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தளம். 2000-இல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து உருவானது. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியை ஒட்டி உற்பத்தி, ஏற்றுமதி, கையிருப்பு எண்களை வெளியிடும்போது உலகத்து எண்ணெய்ச் சந்தையே திரும்பிப் பார்க்கிறது! கச்சா செம்பனை எண்ணெயின் ஆண்டுச் சராசரி விலை 2022-இல் டன்னுக்கு 5,087 வெள்ளி 50 சென். அடுத்த ஆண்டே 3,809 வெள்ளி 50 சென். சிறுதோட்டக்காரர் வீட்டில் அந்த வித்தியாசம் என்னவாக இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குத் தேவையான எண்ணும் அங்கேயே கிடைக்கிறது, வட்டார வாரியாகக் குலைகளின் குறிப்பு விலை. ஜொகூர்க்காரர்கள் தென்வட்டாரத்தைப் பார்க்க வேண்டும். 1 விழுக்காட்டு எண்ணெய்ப் பிழிவுக்கு 45 வெள்ளி என்று போட்டிருந்து, உங்கள் குலைக்கு 20 விழுக்காடு தரம் கிடைத்தால் டன் 900 வெள்ளி. தரத்தை 18 என்று குறைத்துப் போட்டால் 810. லோரியில் குலை ஏற்றுவதற்கு முன் கைப்பேசியில் இதைப் பார்க்கத் தெரிந்தவரிடம் யாரும் வாய்க்கு வந்த விலை சொல்ல முடியாது.

நாணய மாற்றுக்கு எங்கே போவது? கூகுளில் தட்டினால் போதாதா? போதாது! 2024 மார்ச்சில் கூகுள் ஒரு டாலருக்கு 4 வெள்ளி 98 சென் என்று காட்டியது. நிஜச் சந்தையில் அப்போது 4 வெள்ளி 70 சென்னை ஒட்டித்தான் இருந்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிக்கை விட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. ஆண்டுக் கடைசியில் மறுபடியும் அதே கதை. அதன் பிறகு ரிங்கிட்டுக்கான அந்த மாற்றுக் கருவியை கூகுள் எடுத்துவிட்டது. பேங்க் நெகாராவின் சொந்தப் பக்கத்தில் ஒரே நாளில் பல வேளைகளின் விகிதம் இருக்கிறது, நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நேரே இழுத்துக்கொள்ளத் திறந்த வழியும் வைத்திருக்கிறார்கள்.

இனி ஆய்வுக் கட்டுரைகள். 'ரெபெக்' என்ற பெயரை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1997-இல் பொருளாதார ஆய்வாளர்கள் தன்னார்வத்தில் தொடங்கியது, விளம்பரம் இல்லை, காசு இல்லை, பல லட்சம் கட்டுரைகளின் பட்டியல். அதன் தேடல் வாசல் 'ஐடியாஸ்'. இதழில் படிக்கப் போனால் 30, 40 டாலர் கேட்கும் கட்டுரையை ஐடியாஸில் தேடிப் பாருங்கள். 'இதன் பிற வடிவங்கள்' என்று ஓரிடம் இருக்கும். அதே கட்டுரையின் முந்தைய வரைவு ஏதோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு! செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவி ஏதாவது ஒரு கட்டுரைத் தலைப்பைத் தந்தால் அதையும் இங்கே போட்டுச் சோதியுங்கள். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் ஆசிரியர் பெயரும் புனைந்து தருவது அவற்றுக்குச் சாதாரணம்.

பெரிய பெயர் என்பதற்காகவும் மயங்க வேண்டாம். பொருளாதார அறிஞர்கள் கார்மன் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகோஃபும் 2010-இல் எழுதிய கட்டுரை, அரசுக் கடன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே என்றது. உலகமெங்கும் அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாசசூசெட்ஸ் மாணவர் வகுப்புப் பாடத்துக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே கேட்டு எக்செல் தாளை வாங்கினார். சராசரி எடுத்த கட்டத்தில் 20 நாடுகளுக்குப் பதில் 15 நாடுகள்தாம் இருந்தன, ஐந்து விட்டுப்போயிருந்தன! வேறு சில குறைகளையும் திருத்தி 2013-இல் அவரும் அவருடைய ஆசிரியர்களும் வெளியிட்ட எண் 2.2 விழுக்காடு. மாணவர் ஒருவர் மூலத் தாளைக் கேட்டார், எழுதியவர்கள் கொடுத்தார்கள். இரண்டு செயலையும் நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

நீங்கள் கோழி விலையை வைத்து ஒன்று எழுதி முடித்தால் அதையும் உலகத்தின் முன் வைக்கலாம். மியூனிக் பல்கலைக்கழகம் நடத்தும் 'எம்பிஆர்ஏ' களஞ்சியத்தில் கட்டுரையைப் பதிவேற்றலாம், அங்கே ஏறினால் ரெபெக் பட்டியலிலும் வந்துவிடும். அங்கிருப்பவை சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட கட்டுரைகள் அல்ல என்பதைப் படிக்கிறபோதும் பதிகிறபோதும் நினைவில் வையுங்கள். பதிவேற்றும்போது எந்த மாதக் கோப்பு, எந்தத் தேதியில் இறக்கியது, எந்தக் கடைகளை ஏன் விட்டீர்கள் என்பதையும் நிரலோடு சேர்த்துப் போடுங்கள். அடுத்த எஸ்டிபிஎம் பிள்ளை உங்கள் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கட்டும்!