அரிய இருதய நோயும் புள்ளிவிபரவியலாரும்

நோயைத் தீர்க்க முயல்பவர் வைத்தியர்; மருந்தை ஆக்கித் தருபவர் இரசாயனவியலார். ஆயினும், அம்மருந்து உண்மையிற் பயன் தந்ததா என்பதைத் துணிதற்கு மூன்றாமவர் ஒருவரும் வேண்டப்படுகின்றார். அவரே உயிர்ப்புள்ளிவிபரவியலார். நோயாளர் தொகை சுருங்கச் சுருங்க அவர்தம் பொறுப்புப் பெருகும்.

பலரைப் பீடிக்கும் நோய்க்குரிய மருந்தைப் பல்லாயிரவரிடத்துச் சோதிக்கலாம். தற்செயலாய் நேரும் வேறுபாடுகள் பெருந்தொகையில் ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்துவிடும். அரிய நோயில் அவ்வாய்ப்பில்லை. ஆகவே, ஒவ்வொரு நோயாளரும் தரும் சான்று வீணாகாவண்ணம், எண்ணும் முறையைச் சோதனை தொடங்குமுன்னரே வகுத்தல் வேண்டும்.

திரான்சுதைரெற்றின் என்னும் புரதத்தால் விளையும் இருதய நோயை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். ஈரலிற் பெரும்பாலும் ஆக்கப்படும் அப்புரதம் நான்கு கூறுகள் இணைந்தது. அக்கூறுகள் பிரிந்து, உருத்திரிந்து, இருதயத் தசையிற் படியுமாயின் இருதயச் சுவர் விறைப்புற்றுச் செயல் குன்றும். தபாமிடிஸ் என்னும் மருந்து அக்கூறுகளைப் பிரியாது பிணித்து வைப்பது. அதனைச் சோதித்த ஆராய்ச்சியின் முடிவுகள் 2018 இல் வெளியாயின. 13 நாடுகளிலுள்ள 48 நிலையங்களில் திரட்டப்பட்டோர் 441 பேரே. எழுந்தமானமாகப் பிரிக்கப்பட்ட இவருள் 264 பேருக்கு மருந்தும், 177 பேருக்கு மருந்தற்ற போலிக் குளிகையும் வழங்கப்பட்டன. சோதனைக் காலம் 30 மாதம்.

இங்கு எதனை எண்ணுவது? இறப்பை மட்டும் எண்ணின், இச்சிறு தொகையிற் சான்று போதாமற் போகலாம். வைத்தியசாலையிற் சேர்ந்த தடவைகளை மட்டும் எண்ணின், விரைவில் இறந்தவர் குறைந்த தடவையே சேர்ந்தவராவர். சாவே நலம்போலத் தோன்றும். இவ்விடரை நீக்குதற்குப் பின்கெல்ஸ்ரைன், ஷோன்பெல்ட் என்னும் இருவர் 1999 இல் வெளியிட்ட முறை கையாளப்பட்டது. அதன்படி, ஒத்த நிலையினருள் ஒவ்வொருவரும் ஏனைய ஒவ்வொருவருடனும் ஒப்பிடப்படுவர். யார் நெடிது வாழ்ந்தார் என்பதே முதலில் நோக்கப்படும். அதனால் முடிவு காணவியலாதவிடத்து மாத்திரமே, இருதயக் கோளாறால் வைத்தியசாலையிற் சேர்ந்த தடவைகள் நோக்கப்படும்.

இவ்வொப்பீட்டில் மருந்தின் மேன்மை தெளிவாயிற்று. மருந்து பெற்றோருள் 78 பேரும் (29.5 சதவீதம்), பெறாதோருள் 76 பேரும் (42.9 சதவீதம்) இறந்தனர். எனினும், நோய் கடுமையுற்றோரை மட்டும் நோக்குமிடத்து, மருந்து பெற்றோரே கூடிய தடவை வைத்தியசாலையிற் சேர்ந்தமை காணப்பட்டது. கடும் நோயோடு அவர் நெடிது வாழ்ந்தமையே அதற்குக் காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதினர். இறப்பை முதலில் எண்ணியமையின் தகுதி இதனாற் புலனாகும்.

புள்ளிவிபரவியலார் நோயாளரின் நாடி பார்ப்பதில்லை. ஆயினும், தம் உடலைச் சோதனைக்கு ஒப்புவித்த சிலரின் ஈகம் பயனற்றுப் போகாமற் காப்பது அவர்தம் கடமையாகும்.