பீட்சா சாப்பிடப் போகிறீர்களா? பில்லையும் படியுங்கள்!

மும்பையில் இத்தாலிய ஓட்டல் என்றதும், "அது நமக்கு ஒத்து வராது" என்று ஒதுங்கும் தமிழர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். பாந்திராவிலும் கொலாபாவிலும் சின்னச் சின்ன இத்தாலிய ஓட்டல்கள் இருக்கின்றன. கோட்டும் டையும் தேவை இல்லை. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து போய், அரட்டை அடித்தபடி சாப்பிட்டு வரலாம். இத்தாலியில் இந்த மாதிரிக் கடைக்குத் 'திராத்தோரியா' என்று பெயர். பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும்.

ஏழைகளின் உணவு

பீட்சா, நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் சாப்பிட்ட பண்டம். மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். இட்லி மாவைப் போலவே இந்த மாவையும் பல மணி நேரம் பொங்க விடுகிறார்கள். விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். அந்த ஊர்க்காரர்களின் இந்தக் கைத்திறனை 2017-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. தக்காளியும் மோசரெல்லா சீஸும் பரப்பி, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனத்து இலையைத் தூவினால் 'மார்கரிட்டா'. கையாலேயே சாப்பிடலாம்.

பாஸ்டா, நம் சேமியாவுக்கு உறவு. கொஞ்சம் விறைப்பாக இருந்தால் வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். அதுதான் பதம்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியின் அசல் பார்மசான் சீஸுக்குப் பாலை உறைய வைக்க, கன்றின் இரைப்பையில் இருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

யார் கொடுப்பது?

அண்மையில் நாங்கள் 5 பேர் பாந்திராவில் ஒரு கடைக்குப் போனோம். ஒருவர் வங்கிக் குமாஸ்தா. இன்னொருவர் தாராவியில் தோல் பை தைப்பவர்; மாதாமாதம் நெல்லைக்குப் பணம் அனுப்புகிறவர். அவர் கண் பண்டத்தின் பெயரைப் பார்க்கவில்லை, விலையைத்தான் பார்த்தது. "எனக்குப் பசி இல்ல, நீங்க சாப்பிடுங்க" என்றார்.

"நான் கொடுத்துடறேன் அண்ணாச்சி" என்றார் குமாஸ்தா. அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. "என் பங்க நான்தான் கொடுப்பேன். இல்லன்னா இப்பவே எந்திரிச்சுப் போறேன்!"

ஆளுக்கு ஒரு தட்டு என்ற பேச்சை விட்டோம். இரண்டு பெரிய பீட்சா, ஒரு பாஸ்டா, எல்லாம் பொது. வயிறு நிறைந்தது. செலவைச் சமமாகப் பங்கிடுவதை இத்தாலியர்கள் 'ரோமானிய முறை' என்கிறார்கள்.

வரி அல்ல

பில் வந்தது. உணவு ரூ.1,600. சேவைக் கட்டணம் 10 சதவீதம், ரூ.160. இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.88. ஆக மொத்தம் ரூ.1,848.

சேவைக் கட்டணம் அரசாங்க வரி அல்ல. பலர் வரி என்று நினைத்தே கட்டிவிடுகிறார்கள். ஓட்டல்கள் அதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி வகுத்தது. அந்த விதி செல்லும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

பில்லைக் கையில் வாங்கி வரிவரியாகப் படித்தவர் அண்ணாச்சிதான். "இந்த நூத்தி அறுபது யாருக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

"எல்லாரும் கொடுக்கிறார்களே" என்றார் மேலாளர். விதியை எடுத்துச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே வேறு பில் அடித்தார். ரூ.1,680. ஆளுக்கு ரூ.336.

பரிமாறிய ஒடிசாப் பையன் கையில் அண்ணாச்சி 50 ரூபாயை வைத்தார். அதற்கு எங்களிடம் பங்கு கேட்கவில்லை.

கட்டணத்தை நீக்க மறுத்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.