டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாத விஷயம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இப்போ நிறைய வீடுகளில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரைப் பார்க்கலாம். ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருபவர் அதைப் போர் தண்ணீரில் முக்கி ‘1,200 சார்’ என்பார். மெஷின் தண்ணீரில் முக்கி ‘60 சார்’ என்பார். நல்ல தண்ணீர்தான்னு நாமும் முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்துத்திறனை. அதை வைத்து, கரைந்திருக்கும் உப்புகள் மொத்தமாக எவ்வளவு என்று ஓர் உத்தேசக் கணக்கு சொல்கிறது. சாதாரண மீட்டர் காட்டும் மிகச் சிறிய அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஆனால் இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, ஈயத்துக்கு விதித்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், பாதரசத்துக்கு 0.001. வரம்பைப் போல நூறு மடங்கு பாதரசம் இருந்தாலும் மீட்டரின் எண் அசையாது. நிறமோ வாசனையோ கூட காட்டிக்கொடுக்காது.

இது வீண் பயம் இல்லை. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்த பிறகுதான். 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. நமக்கு இன்னும் பக்கத்தில் சிவகாசி. பட்டாசில் பாதரசம், ஈயம், ஆர்செனிக், ஆன்டிமனி, லித்தியம் ஐந்தையும் பயன்படுத்தக் கூடாது என்று 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக, ‘என் தண்ணீரில் கன உலோகம் இருக்கா?’ என்று இந்தப் பக்கத்து ஆள் கேட்பது நியாயமான கேள்விதான்.

பதில் சொல்லும் கருவிகள் இல்லாமல் இல்லை. அணு உறிஞ்சல் நிறமாலைமானி, ஐசிபி-எம்எஸ் என்று துல்லியமானவை இருக்கின்றன. ஆனால் விலை அதிகம், ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். கண்ணாலேயே பார்த்துச் சொல்ல வழி உண்டா என்று தேடியவர்கள் வந்து சேர்ந்த இடம்தான் தங்க நானோ துகள்.

தங்கம் எப்போதும் மஞ்சளாக இருக்கணும்னு கட்டாயமில்லை. 13 நானோமீட்டர் அளவுக்கு, அதாவது தலைமுடித் தடிமனில் சுமார் ஆறாயிரத்தில் ஒரு பங்காகச் சிறுத்துவிட்டால், தண்ணீரில் அது நன்னாரி சர்பத் மாதிரி சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்கள்தான் என்று சொல்லிவிட்டார். துகளின் மேல்புற எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்ந்து 520 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியை விழுங்குகின்றன. மிச்சம் சிவப்பு. இரண்டு துகள்கள் ரொம்ப நெருங்கிவிட்டால் அதிர்வு மாறும், கரைசல் ஊதா அல்லது நீலமாகும்.

சோதனையே இவ்வளவுதான். துகள்கள் மேல் சிட்ரேட் போன்ற ஒரு பூச்சு இருக்கும். எல்லாத் துகளுக்கும் எதிர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். உலோக அயனியைப் பிடிக்கக்கூடிய மூலக்கூறுகளை அந்தத் துகள்கள் மேல் கோத்துவிட்டால், ஒரு ஈய அயனி இரண்டு துகள்களைச் சேர்த்துக் கட்டிப் போடும். சிவப்பு நீலமாகும்.

தங்கமாச்சே, கட்டுப்படியாகுமா? வழக்கமான கரைசல் ஒரு லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் தங்கம் போதும். சோதனைக்கு 1 மில்லிலிட்டர் என்று வைத்தால், ஒரு கிராமில் 20,000 சோதனை செய்யலாம். செலவு தங்கத்தில் இல்லை.

சிக்கல் நம்ம ஊர்த் தண்ணீரில் இருக்கு. துகள்களைத் தள்ளி வைத்திருப்பது மின்னூட்டம் என்றேன் அல்லவா? உப்பு அதிகமானால் அந்தத் தள்ளுவிசை மறைந்துபோகும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடினமான போர் தண்ணீரை ஊற்றினால், ஈயம் ஒரு துளி இல்லாமலேயே கரைசல் நீலமாகிவிடலாம். பிடிக்கிற மூலக்கூறுக்கும் கால்சியத்தையும் ஈயத்தையும் பிரித்தறியத் தெரியணும். மலைத் தண்ணீரில் ஆபத்து நேர்மாறு. அய்யனார்கோவில் ஆறு மாதிரி காட்டுக்குள் இருந்து வரும் நீரில் இலை மக்கிய கரிமப் பொருள்கள் இருந்தால், அவை துகள்கள் மேல் படிந்து ஒட்டவிடாமல் காக்கும். உலோகம் இருந்தும் கரைசல் சிவப்பாகவே நிற்கலாம். முதல் பிழை வீண் பீதி. இரண்டாவது பொய்யான நிம்மதி. இரண்டாவதுதான் மோசம்.

அதனால்தான் இருபது வருஷத்துக்கு மேலாக ஆராய்ச்சி முழுக்க, குறிப்பிட்ட உலோகத்தை மட்டும் பிடிக்கும் இரையைத் தேடுவதிலேயே போகிறது. 2007-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு டிஎன்ஏ இழைகளைப் பயன்படுத்தியது. இரண்டு தைமின்களுக்கு நடுவே பாதரசம் மட்டும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2014-ல் டைரோசின் அமினோ அமிலத்தை வைத்துத் தங்க, வெள்ளித் துகள்கள் செய்து பாதரசம், ஈயம், மாங்கனீசு ஆகியவற்றைச் சோதித்தார்கள். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறையில் வேலை நடந்திருக்கிறது.

ஆனாலும் எண்ணைப் பாருங்கள். அந்த 2007 முறை காட்டிய குறைந்தபட்ச அளவு லிட்டருக்குச் சுமார் 20 மைக்ரோகிராம். நம்ம வரம்பு 1 மைக்ரோகிராம். அறிவியலாக அருமை, குடிநீருக்குச் சான்றாகப் போதாது. பிற்பாடு வந்த முறைகள் பல இன்னும் கீழே இறங்கியிருக்கின்றன, ஆனால் வடிநீரில் கிடைத்த எண்ணும் கிணற்றுநீரில் கிடைக்கும் எண்ணும் ஒன்றல்ல.

நாளைக்கு யாராவது நிறம் மாறும் கிட் ஒன்றை உங்களிடம் விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த உலோகத்துக்கு? எத்தனை மைக்ரோகிராமிலிருந்து? உப்புத் தண்ணீரில் சோதித்துப் பார்த்தீர்களா? மூன்றாவதுக்குப் பதில் வரவில்லையென்றால் வாங்க வேண்டாம். அதுவரை, தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனை என்று மட்டும் சொன்னால் கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளூரைடோடு அறிக்கை முடிந்துவிடக்கூடும். அதில் ‘குடிக்க உகந்தது’ என்று எழுதியிருந்தாலும், பார்க்காத உலோகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.