புண் சிறிது, பாதிப்பும் சிறிதா?

காலில் ஆறாத புண்ணுடன் வருவோர் பலர், "புண் சிறியதுதான், வலியும் இல்லை" என்று கூறுவதுண்டு. ஆனால் புண்ணின் அகலத்தை மட்டும் கொண்டு பாதிப்பைக் கணிக்க இயலாது. உள்ளங்காலில் காசளவு புண் உள்ள ஒருவரால் கல்வராயன் மலைச் சரிவில் உள்ள மரவள்ளித் தோட்டத்திற்கு ஏறிச் செல்ல முடியாமல் போகலாம். எனவே மூன்றை ஆராய்கிறோம்.

காரணம்: கணுக்காலின் உட்புறத்தில் வீக்கமும் கருமையும் சூழ்ந்த புண், பெரும்பாலும் சிரைகளில் இரத்தம் தேங்குவதால் வருவது. விரல் நுனியில் கடும் வலியுடன் தோன்றும் புண் தமனி அடைப்பால் வந்திருக்கலாம். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் குறைந்தால் காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்துள்ளது எனலாம்.

உணர்வு: உள்ளங்காலில் வலியின்றி வரும் புண், நீரிழிவு அல்லது தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்டதைக் காட்டக்கூடும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை பாதத்தில் படுவதை உணராதவருக்கு, முள் தைத்தாலும் தெரியாது. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாமையால் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று விளக்கினார்.

இயக்கம்: கணுக்கால் மடங்குகிறதா, எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் நின்று வேலை செய்ய முடிகிறது என்பவற்றைக் கேட்டும் சோதித்தும் அறிகிறோம். கூட்டியோ குறைத்தோ சொல்லாமல் உள்ளபடி கூறுங்கள்.

சான்றிதழ் பற்றி: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் அவற்றுள் அடங்குவர். கால் புண் தனி வகையாக இல்லை. புண்ணின் விளைவாக எஞ்சும் மூட்டு இறுக்கம், உறுப்பிழப்பு போன்ற இயக்கக் குறைபாடுகளே கணக்கில் வரும். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி உண்டு. நிலை மாறக்கூடும் எனில் குறிப்பிட்ட காலத்திற்கே சான்று வழங்கப்படும். ஆகவே சான்றிதழுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆறிய கால் தரும் பயனைச் சான்றிதழ் தராது.

வரும்போது அன்றாடம் அணியும் செருப்பு, பழைய சிகிச்சைச் சீட்டுகள், சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். நாள்தோறும் இரவில் இரு பாதங்களையும் விளக்கொளியில் பாருங்கள். குனிய இயலாதோருக்கு வீட்டார் பார்த்து உதவுக. வலியில்லாத புதிய கொப்புளம் கண்டால் மறுநாளே மருத்துவமனைக்கு வருக.